ஒப்பீடு முடியும்வரை நகலெடுக்காதீர்

சர்வர் அக்கா வாரியத்துக்குப் போனது ஒரு நாடா எந்திரம் வாங்க அனுமதி கேட்டுத்தான். அதற்கு மேல் அவர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

அவர் வேலை பார்த்தது செயற்கைக் கால் செய்யும் பட்டறையில். மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர். முன்பக்கம் அளவெடுக்கும் அறை, நடுவில் ஜிப்சம் மாவில் அச்சு வார்க்கும் மேசைகள், கடைசல் எந்திரங்கள், தோல் பட்டை தைக்கும் இடம். கடைசியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாத ஓர் அறையில் சர்வர், பட்டறையின் பதிவுகளையெல்லாம் வைத்திருக்கும் கணினி. அதைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டதால் அவர் எல்லோருக்கும் சர்வர் அக்கா. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த சர்வரில் நாலாயிரத்து நூற்று முப்பத்தாறு பேருடைய அளவுகள் இருந்தன. வெட்டிய இடத்தின் சுற்றளவு, எலும்பு துருத்தும் இடம், எங்கே அழுத்தினால் வலிக்கும், எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பார், போன முறை எதைச் சொல்லித் திட்டினார், எல்லாம். ஒரு கால் போனவருக்கு மறுகாலைப் பார்த்து மறுபடி அளவெடுத்துவிடலாம். இரண்டும் போனவர் ஒரு காலத்தில் எவ்வளவு உயரம் நின்றார் என்பது அந்தப் பெட்டிக்கு மட்டுமே தெரியும்.

தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்முன் அக்கா அதையெல்லாம் ஒரு சின்ன காந்த நாடாவில் நகலெடுத்து வைப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நாடா எந்திரம் நாடாவை மென்று துப்பியது. பழைய நாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்த எந்திரம் அது ஒன்றுதான். அந்த மாதிரி எந்திரம் செய்வதையே நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை, சர்வரின் டிஸ்க்கிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. விரலால் மேசையைச் சுண்டியது போல, ஒரே ஒரு முறை.

அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சந்தையில் மூன்று வகை நாடாக்கள் இருந்தன. நாலு மில்லிமீட்டர் நாடா மலிவு, கொள்வது கொஞ்சம், எந்திரத்தின் தலை சுழன்று சுழன்று நாடாவைத் தேய்த்துவிடும். எட்டு மில்லிமீட்டர் நாடா நடுத்தரம். அரை அங்குல நாடாவுக்கு எந்திரம் விலை கூடுதல். ஆனால் பட்டறை மொத்தமும் ஒரே நாடாவில் அடங்கும், வேகமாக எழுதும், நாளைக்குப் புது எந்திரம் வாங்கினாலும் போன தலைமுறை நாடாவை அது படிக்கும். தங்களைப் போன்ற பட்டறைக்கு அரை அங்குலம்தான் சரி என்று கடைசி வரி எழுதி முடித்தபோது பக்கத்தில் இருந்த டீ இன்னும் ஆறவில்லை.

முதலாளி உடனே சரி என்றார். கடைக்காரர்தான் தலையைச் சொறிந்தார். "மருத்துவ சம்பந்தமான தரவுன்னு சொல்றீங்க. ஒப்பீட்டுச் சான்றிதழ் இல்லாம நான் எந்திரத்தைக் குடுத்தா என் கடைக்கு சீல் வெச்சிருவாங்க அக்கா. வாரியத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வந்திருங்க. சின்ன வேலைதான்."

அதைச் சொல்லும்போது அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சிறு, நடுத்தரத் தொழில்களின் நாடா ஒப்பீட்டு வாரியம் ஆறு மாடிக் கட்டடத்தில் இருந்தது. தரைத்தளம் முழுக்கக் காத்திருப்போர் கூடம். சுவரில் ஆளுயர எழுத்தில், 'ஒப்பிடாமல் காப்பது குற்றம்.' அதன் கீழ் மூன்று வரிசைகள், நாடாவின் அகலத்துக்கு ஒன்றாக. நின்றவர்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே நிற்பவர்களைப் போல எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அரை அங்குல வரிசையில் நின்றார். இரண்டரை மணி நேரம் கழித்து அவருடைய முறை வந்தபோது, மற்ற இரண்டு வரிசைகளிலும் நின்று வந்தால்தான் மூன்றாவது செல்லும் என்றார்கள்.

"எனக்கு அது ரெண்டும் வேண்டாமே."

"வேண்டாம்னு எப்படித் தெரியும்? நீங்க இன்னும் அதுல நிக்கவே இல்லையே."

மூன்றாவது நாள் ஒப்பீட்டு அலுவலரின் மேசைக்கு முன்னால் உட்கார இடம் கிடைத்தது. நல்ல மனிதர். மின்விசிறியை அக்காவின் பக்கம் திருப்பி வைத்தார். அக்கா கொடுத்த தாளை வாங்கிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் முகம் மாறியது.

"இதை யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்."

"முடிவு வேற எழுதியிருக்கீங்களே!" காயத்தில் சீழ் வேறு வைத்திருக்கிறதே என்பது போலச் சொன்னார். தாளை மடித்து, ஒரு உறையில் போட்டு, உறையை இன்னொரு உறையில் போட்டார். "அம்மா, ஒண்ணு புரிஞ்சுக்குங்க. காப்பாத்துறது எங்க வேலை இல்ல. எதால காப்பாத்தலாம்னு ஒப்பிடுறதுதான் எங்க வேலை. ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சா நடுநிலை கெட்டுப்போயிரும்."

"சரிங்க சார். ஒப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நாங்க வேற ஒரு டிஸ்க்குல நகலெடுத்து வெச்சுக்கட்டுமா? சத்தம் வருது, பயமா இருக்கு."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "நகலெடுத்துட்டா உங்களுக்கு நாடா தேவைப்படாது. தேவையில்லாதவங்களுக்கு எதுக்கு ஒப்பீடு? விண்ணப்பமே பொய்யாயிரும். பொய் விண்ணப்பம் குடுத்தா பட்டறை உரிமம் ரத்து." பிறகு கனிவாகக் கேட்டார்: "என்ன சத்தம்னு சொன்னீங்க?"

"டக்குன்னு. நேத்து மூணு தடவை."

அலுவலர் ஒரு பதிவேட்டைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டார். "அப்ப உங்க கோப்பு சீக்கிரம் முடிஞ்சுரும்னு நினைக்கிறேன்" என்றார். அக்கா அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் காலை முத்திரை ஆய்வாளர் பட்டறைக்கு வந்தார். சர்வரில் எங்கெல்லாம் எதையாவது செருக முடியுமோ அந்தத் துளைகளிலெல்லாம் அரக்கை உருக்கி ஊற்றினார். பழைய நாடாப் பெட்டியைச் சோதனைக்குத் தேவை என்று எடுத்து வைத்துக்கொண்டார். ஓர் அறிவிப்பை அறைக் கதவில் ஒட்டினார்: 'ஒப்பீடு முடியும்வரை நகலெடுக்காதீர்.' எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"உங்களுக்கு இதுல ஏதாவது மனப்பாடமாத் தெரியுமா?"

அக்கா பதில் சொல்வதற்குள் மாவு அண்ணன் முந்திக்கொண்டார். காலுக்கு அச்சு வார்ப்பவர் அவர். தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் எப்போதும் வெள்ளை மாவு படிந்திருக்கும். அவருக்கே இடது கால் கிடையாது. "என் காலோட அளவு இவங்களுக்குத் தலைகீழாத் தெரியும் சார்" என்று சிரித்தார்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. தோல்பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். தன் நினைவில் உள்ள எந்த அளவையும் வாயாலோ கையாலோ நகலெடுக்க மாட்டேன் என்று அக்கா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மாவு அண்ணனுக்கு வேறு படிவம். தன் காலைத் தானே அளந்துகொள்ள மாட்டேன் என்று.

மறுநாள் காலை அக்கா வேலைக்குக் கிளம்பியபின் அவர் வீட்டுக்கும் ஒருவர் போனார். அக்காவின் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அன்று விடுமுறையில் இருந்தார். வந்தவர் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "உங்க வீட்டுக்காரம்மா தூக்கத்துல ஏதாவது எண் சொல்றாங்களா சார்?" என்று கேட்டார்.

"எண்ணெல்லாம் நான்தாங்க சொல்லுவேன். அவ அப்பப்போ திட்டுவா."

வந்தவர் அதையும் எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் கணவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்தபின் எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டார்.

ஒன்பது வாரம் கழித்து வாரியத்தின் ஆறாவது மாடிக்கு அழைப்பு வந்தது. டிஸ்க் இப்போது மணிக்கு ஏழெட்டு முறை சுண்டியது. நீள மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். நடுவில் இயக்குநர், மெலிந்தவர், மெல்லிய குரல். அவர் பேசும்போது மற்றவர்கள் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டார்கள்.

"இந்த வாரியம் தொடங்கி பத்தொன்பது வருஷம் ஆகுது" என்றார் இயக்குநர். "இந்தப் பத்தொன்பது வருஷத்துல நாம சிபாரிசு பண்ணின நாடாவுல ஒரே ஒரு தரவுகூட அழிஞ்சதில்ல. ஏன்னா, நாம அவசரப்பட்டு எதையும் சிபாரிசு பண்ணினதில்ல. நமக்கு முன்னாடி என்ன நிலைமை? யார் வேணும்னாலும் கடைக்குப் போய், ஒரு நாடாவை வாங்கி, அன்னைக்கே நகலெடுத்துட்டிருந்தாங்க. எவ்வளவு பெரிய ஆபத்து!"

பதினான்கு பேரும் தலையை ஆட்டினார்கள். அக்காவும் என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டினார்.

"சார், எங்க டிஸ்க் ரொம்ப நாள் தாங்காது. எப்ப முடிவு வரும்னு தெரிஞ்சா..."

"வாங்க, காட்டுறேன்" என்று இயக்குநரே எழுந்து அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னல் இல்லாத, ஜில்லென்ற அறை. இரும்பு அலமாரிகளில் நாடாக்கள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டோடு, பிணவறை போல இருந்தது.

"முப்பது வருஷம் தாங்கும்னு தயாரிக்கிறவங்க சொல்றாங்க. அதை அப்படியே நம்பிட முடியுமா? வெச்சுப் பார்க்கிறோம். பத்தொன்பது வருஷம் பார்த்தாச்சு. இன்னும் பதினோரு வருஷம்."

அக்கா ஒரு நாடாவைக் காட்டிக் கேட்டார். "இதுல என்ன பதிஞ்சிருக்கு சார்?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் வெற்று நாடா. ஏதாவது எழுதியிருந்தா அது அழிஞ்சிருச்சா இல்லியான்னு பார்க்கணும், தகராறு வரும். வெற்று நாடாவுல அழியறதுக்கு ஒண்ணும் கிடையாது. முடிவு சுத்தமா இருக்கும்."

கதவுக்குப் பக்கத்தில் இருந்த அலமாரியில் அக்காவின் பழைய நாடாக்கள் இருந்தன. பெட்டியில் அவர் கையால் எழுதிய தேதிகளை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். அவர் பார்ப்பதை இயக்குநர் கவனித்தார்.

"அதுல ஏதோ எழுதியிருந்துச்சும்மா. கவலைப்படாதீங்க, சுத்தமா அழிச்சுட்டுத்தான் சோதனைக்கு வெச்சிருக்கோம்."

வெளியே வரும் வழியில் இன்னொரு அறை திறந்திருந்தது. தரையிலிருந்து கூரைவரை கட்டுக்கட்டாகக் கோப்புகள். கதவின் மேல், 'முடிவுற்றவை.' அக்கா ஒரு கோப்பின் முகப்பைப் படித்தார். ஏதோ ஒரு மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கும் கூடம். கீழே சிவப்பு மையில்: 'டிஸ்க் செயலிழந்தது. காக்க வேண்டிய தரவு இல்லை. தேவை நீங்கியது.' அடுத்த கோப்பிலும் தேவை நீங்கியது. அதற்கடுத்ததிலும். படியிறங்கும்போதுதான், முதல் நாள் அந்த நல்ல மனிதர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொன்னதன் பொருள் அவருக்குப் புரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஒருவர் மடக்கு நாற்காலியோடு பட்டறைக்கு வந்தார். 'உடனிருப்பு அலுவலர்' என்று அட்டையைக் காட்டினார். கடைசி நிலையில் இருக்கும் டிஸ்க்குகளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர் வேலை. சர்வர் அறைக்குள் நாற்காலியை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு டக்குக்கும் பதிவேட்டில் ஒரு கோடு போட்டார். மதியம் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். யாருக்கும் தொந்தரவு இல்லை. தோல் தைக்கும் பெண்கள் மட்டும் அந்தப் பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அக்கா அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தார். "இந்த வேலைக்கு எப்படிங்க வந்தீங்க?"

"முன்னாடி விதைக் கம்பெனில இருந்தேன். எந்த விதை, எந்த வயல்லேருந்து வந்துச்சு, எந்த வருஷம் என்ன விளைஞ்சுச்சுன்னு இருபத்திரண்டு வருஷப் பதிவு. நானும் வாரியத்துல விண்ணப்பம் போட்டேன்." ஒரு டக். அவர் ஒரு கோடு போட்டார். "போயிருச்சு. கம்பெனியும் மூடிட்டாங்க. வாரியம்தான் வேலை குடுத்துச்சு. முழு இழப்பு அனுபவம் உள்ளவங்களுக்கு முன்னுரிமை. அங்க பாதிப் பேர் அப்படி வந்தவங்கதான்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "திரையில போட்டுப் பார்க்கலாங்களா?"

"பார்க்கலாம். பார்க்கிறது நகல் இல்ல."

"சத்தமாப் படிச்சா?"

அவர் விதிப் புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினார். "படிக்கத் தடை இல்ல. மனசுல இருந்து சொல்லத்தான் தடை."

"பக்கத்துல இருக்கிறவங்க காதுல விழுந்தா?"

"காதுன்னு இருந்தா விழத்தான் செய்யும்."

"விழுந்ததை அவங்க எழுதினா?"

அலுவலர் இன்னும் ஒரு பக்கம் புரட்டினார். டீயைக் குடித்து முடித்தார். "எழுதின தாள் இந்தக் கட்டடத்துக்குள்ள இருந்தா அது நாலாவது வடிவம். ஒப்பிடப்படாதது. எடுத்துட்டுப் போயிருவாங்க."

"கட்டடத்துக்கு வெளிய இருந்தா?"

"வெளிய இருக்கிற தாளைப் பத்தி இதுல ஒண்ணும் போடல" என்றார் அவர், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

அன்று மத்தியானமே தொடங்கினார்கள். மாவு மேசைகளைத் துடைத்து, சர்வர் அறை வாசலையொட்டி இழுத்துப் போட்டார்கள். முதலில் யாரைப் படிப்பது என்று ஒரு பேச்சு எழுந்தது. இரண்டு காலும் இல்லாதவர்கள் முதலில், அப்புறம் குழந்தைகள், அப்புறம் மற்றவர்கள் என்று அக்கா முடிவு செய்தார்.

"என்னோடத கடைசியில படி" என்றார் மாவு அண்ணன். "எனக்குத்தான் இன்னொண்ணு இருக்கே."

"சும்மா இருங்கண்ணே. உங்களுக்கு முட்டிக்குக் கீழ எந்த இடத்துல வலிக்கும்னு கண்டுபிடிக்க ஆறு வருஷம் ஆச்சு."

"அதனாலதான் சொல்றேன். வலி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதை எந்தப் பெட்டியும் எனக்குச் சொல்ல வேண்டியதில்ல."

அக்கா விலாசத்தை முதலில் படிப்பார். ஒருவர் உறையில் எழுதுவார். பிறகு அளவுகளைப் படிப்பார். இன்னொருவர் தாளில் எழுதுவார். தாளின் தலைப்பில் எல்லோரும் ஒரே வாசகத்தை எழுதினார்கள்: 'இது உங்கள் அளவு. இனி உங்களிடம் மட்டும்தான் இருக்கும். தொலைத்துவிடாதீர்கள்.' சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலாளியே கோணிப்பையில் கட்டித் தெருமுனைத் தபால் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பட்டறையில் ஒரு துண்டுத் தாள்கூடத் தங்கவில்லை. கடைசல்காரர்கள் உளியைப் பிடித்த கையால் பேனாவைப் பிடித்து விரல் வீங்கிப்போனார்கள். தோல் தைக்கும் பெண் ஒருத்தி எழுதும்போதெல்லாம் அழுதாள். அவளைக் குழந்தைகளின் தாள்களிலிருந்து மாற்றி உறை ஒட்ட விட்டார்கள். உடனிருப்பு அலுவலர் தன் நாற்காலியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தன. சில நாட்களில் அக்கா படிக்கும் வேகத்துக்கும் டிஸ்க்கின் வேகத்துக்கும் போட்டி போலத் தோன்றும். அப்போது யாரும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார்கள்.

முப்பத்தெட்டாம் நாள், மத்தியானம் மூன்று இருபதுக்கு, ஒரு பெண்ணுடைய கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார். "முட்டிக்குக் கீழ சுற்றளவு, பதினேழு புள்ளி..."

திரை நின்றது. உள்ளே ஒரு தேய்ப்புச் சத்தம், இரும்பை இரும்பு சுரண்டுவது போல. அப்புறம் அதுவும் இல்லை. புள்ளிக்கு அப்புறம் என்ன என்று பேனாக்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். அக்காவின் வாய் திறந்தபடியே இருந்தது.

இரண்டாயிரத்து முந்நூற்று நாலு பேருடைய அளவுகள் தபாலில் போயிருந்தன. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டு பேருடையவை போகவில்லை. மாவு அண்ணனுடையது அதில் ஒன்று.

உடனிருப்பு அலுவலர் நேரத்தைக் குறித்தார். டிஸ்க்கைக் கழற்றி ஒரு பையில் போட்டு அரக்கு வைத்தார். நாற்காலியை மடக்கினார். கிளம்பும்முன், எழுதியிருந்தவர்களின் மை படிந்த கைகளைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுகூட மிஞ்சலக்கா" என்றார். முதல் முறையாக அப்போதுதான் அவரை அக்கா என்று கூப்பிட்டார்.

பத்து நாளில் பாராட்டுக் கடிதம் வந்தது. பட்டறையின் கோப்பு நல்லபடியாக முடிந்ததாகவும், தேவை நீங்கிவிட்டதாகவும், இயக்குநர் நேரில் வாழ்த்த விரும்புவதாகவும் அதில் இருந்தது. அக்கா போனார். ஆறாவது மாடியில் அதே நீள மேசை, அதே பதினான்கு பேர். இயக்குநரின் முன்னால் அரக்கு வைத்த டிஸ்க். யாரும் வாழ்த்தவில்லை.

"நீங்க கடிதம் போட்டிருக்கீங்க" என்றார் இயக்குநர்.

"ஆமா சார்."

"ரெண்டாயிரத்துச் சொச்சம் வீட்டுல இப்ப தரவு இருக்கு. ஒப்பிடப்படாத வடிவத்துல. ஒருத்தர் பீரோவுல வெச்சிருப்பார், ஒருத்தர் தலையணைக்கு அடியில. ஈரம் படும், எலி கடிக்கும், குழந்தைங்க கிழிக்கும். அந்த ஆபத்தையெல்லாம் நினைச்சா எனக்குத் தூக்கம் வரல. எல்லாத்தையும் திரும்ப வாங்கி, இங்க கொண்டுவந்து, சுத்தம் பண்ணிரலாம். விலாசப் பட்டியல் குடுங்க."

"விலாசம் அந்த டிஸ்க்குலதான் சார் இருந்துச்சு."

"வேற எங்கயும் இல்லியா?"

"நகலெடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே சார்."

இயக்குநர் டிஸ்க்கைப் பார்த்தார். பிறகு ஒப்பீட்டு அலுவலரைப் பார்த்தார். அந்த நல்ல மனிதர் எழுந்து, "செத்த டிஸ்க்குலேருந்து தரவை மீட்கலாம்னு சொல்றாங்க சார். மூணு வழி இருக்காம்" என்றார்.

"மூணா?" இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது. பதினான்கு முகங்களும் அதைப் பார்த்து மலர்ந்தன.

"சார், அதை எங்ககிட்ட குடுத்துருங்க" என்றார் அக்கா. "மீட்கிற இடம் ஒண்ணு விசாரிச்சு வெச்சிருக்கேன். இன்னைக்கே குடுத்துட்டு வந்துருவேன். இன்னும் ஆயிரத்து எண்ணூறு பேர் அதுக்குள்ள இருக்காங்க சார்."

"குடுக்கத்தானேம்மா போறோம். ஒப்பீடு முடியட்டும்."

அவருக்கு ஒரு படிவம் நீட்டப்பட்டது. இந்த முறை விண்ணப்பம் இல்லை, வேலைக்கான படிவம். 'இழப்பு அனுபவம்' என்ற கட்டத்தில் 'பகுதி' என்று ஏற்கனவே நிரப்பியிருந்தார்கள். எல்லா இடத்திலும் கையெழுத்துக்காகப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்கள். அக்கா அதை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். யாரும் தடுக்கவில்லை. "அவசரமில்ல. உங்க நாற்காலி காலியாவே இருக்கும்" என்று மட்டும் இயக்குநர் சொன்னார். படியிறங்கும்போது மேலே பேச்சு தொடங்கிவிட்டது கேட்டது. மூன்று வரிசைகளுக்கு எந்தக் கூடத்தை ஒதுக்கலாம் என்று.

பட்டறைக்குத் திரும்பியபோது முன் அறையில் ஒரு பெண் சக்கர நாற்காலியில் இருந்தார், முப்பது வயது இருக்கும். பின்னால் அவருடைய அண்ணன். அந்தப் பெண் நாலு வருடம் முன்பு ஒரு காலை இழந்து இங்கே வந்தவர். போன வருடம் சர்க்கரை நோயில் இன்னொன்றும் போயிருந்தது. பட்டறைக்கு அது தெரியாது. அவருடைய கோப்பு ஒற்றைக்கால் வரிசையில், பின்னால் எங்கேயோ கிடந்தது. உறை எதுவும் வரவில்லை என்றார் அவர்.

"பரவாயில்லீங்க, இப்ப ரெண்டுமே செய்யணும்" என்றார் அந்தப் பெண். "நான் எவ்வளவு உயரம்னு உங்ககிட்ட இருக்குமே? அன்னைக்கு நிக்க வெச்சு அளந்தீங்களே."

அக்கா சக்கர நாற்காலியின் முன்னால் குனிந்தார். "இல்லம்மா" என்றார். "போயிருச்சு."

அந்தப் பெண் புரியாமல் தன் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். மாவு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். அன்று காலை அவர் போட்டிருந்தது தானே குத்துமதிப்பில் வார்த்த கால்; இன்னும் பழகவில்லை.

"தம்பி, இங்க வந்து சுவரோரமா நேரா நில்லுங்க" என்றார் அவர், அந்தப் பெண்ணின் அண்ணனிடம். "தங்கச்சி உங்க பக்கத்துல நின்னா எதுவரைக்கும் வருவாங்க?"

அண்ணன் சுவரில் முதுகை ஒட்டி நின்றான். கையைத் தூக்கித் தோளுக்கு நேராக வைத்தான். யோசித்தான். ஒரு விரல் அளவு கீழே இறக்கினான். மறுபடி ஏற்றினான். தங்கை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுன்னு நினைக்கிறேன்."

"அசைக்காதீங்க. அங்கயே பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மாவு அண்ணன் அளவுகோலை எடுக்கப் போனார். அக்கா பென்சிலும் தாளுமாகப் பக்கத்தில் வந்து நின்றார். அண்ணனின் கை சரியத் தொடங்கியது. அவன் இன்னொரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.